கோணல் மட்கார்டு

வாசல் வெயிலில் சைக்கிள் தலைகீழாக நிற்கிறது. கூரியர் வேலை பார்க்கும் தம்பி பெடலைச் சுற்றச் சுற்ற, மூன்றாவது சுற்றில் செயின் சடக்கென்று கழன்று தொங்குகிறது. ஏற்கெனவே இரண்டு நாள் வேலைக்குத் தாமதமாகப் போயிருக்கிறான். இன்றும் ஒன்பது மணிக்குள் போய்ச் சேராவிட்டால் அவன் வேலைக்கே வேட்டு. "நேத்து பஞ்சர் ஒட்டிட்டு, சக்கரத்தை மட்கார்டுக்குச் சரியா நடுவுலதானேக்கா மாட்டினேன்?" என்கிறான் பரிதாபமாக. தையல்காரி அக்காவுக்கு அவன் அவசரத்தைவிட அந்தச் செயின்மேல்தான் கண். நூல்கண்டிலிருந்து ஒரு முழம் இழுத்து, முன்பல்சக்கரத்தோடு ஒட்டினாற்போல் பின்பல்சக்கரம்வரை விறைப்பாகப் பிடிக்கிறாள். நூல் பின்பல்சக்கரத்தின் ஓர் ஓரத்தை மட்டும் தொடுகிறது. மறு ஓரத்தில் இடைவெளி விட்டு வெளிச்சம் தெரிகிறது. "மட்கார்டே கோணல்டா மகராசா. கோணல் துணியை வச்சு அளவெடுத்தா சட்டை எப்படி நேரா வரும்? ஃபிரேமைப் பாத்து நிறுத்து." தம்பி நட்டுகளைத் தளர்த்துகிறான். அவள் சக்கரத்தை மெல்ல நகர்த்துகிறாள்; இப்போது நூல் இரண்டு ஓரத்தையும் தொடுகிறது. அவள் பிடித்த பிடியை விடாமல் இருக்க, அவன் ஸ்பேனரால் இறுக்குகிறான். அக்கா பெடலைச் சுற்றுகிறாள். நான்கு, ஐந்து, பத்து. செயின் எண்ணெய் வழிந்தாற்போல் ஓடுகிறது. "மணி எட்டே முக்கால், வண்டியைக் குடுக்கா" என்கிறான் தம்பி. "இருடா, இன்னும் ஒரே ஒரு சுத்து."