லாரி ரேடியோவின் இரைச்சல்

லாரிக்குப் புதிதாக எல்.இ.டி. விளக்கு மாட்டிய நாளிலிருந்து அதன் ரேடியோவுக்குத் தொண்டை சரியில்லை. பகலெல்லாம் நன்றாகப் பாடும். பொழுது சாய்ந்து விளக்கு எரிந்ததும் வெறும் இரைச்சல்தான். டிரைவர் மாசிலாமணி ஏரியலை மாற்றினார், வயரை மாற்றினார், பிறகு ரேடியோவின் தலையிலேயே தட்டினார்.

"அண்ணே, நீங்க கண்ணைத் திறந்தாத்தான் எனக்கு இந்த இரைச்சல் வருது," என்று ரேடியோ விளக்கிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனது.

"நான் வாயே திறக்கிறதில்லையே தம்பி. சத்தம் உன்கிட்டேருந்துதான் வருது. எல்லாருக்கும் கேக்குது," என்றது விளக்கு.

ஒருநாள் மாசிலாமணி பொறுமை இழந்து ரேடியோவைக் கழற்றிக் கடையில் கொடுத்துவிட்டுப் புதியதை மாட்டிக்கொண்டார். கடைக்காரர் பழையதை மேசைமேல் வைத்துப் போட்டுப் பார்த்தார். அது கணீரென்று பாடியது.

"இதுக்கு ஒண்ணுமே இல்லையே," என்று அவர் வாசலுக்கு வந்தபோது லாரி கிளம்பிக்கொண்டிருந்தது. இருட்டத் தொடங்கியதால் மாசிலாமணி விளக்கைப் போட்டார். உடனே புது ரேடியோ கொரகொரவென்று இரைந்தது. அதன் தலையிலும் ஒரு தட்டு விழுந்தது.

"இவனுமா?" என்று சலித்துக்கொண்டது விளக்கு. "ரேடியோ வம்சமே இப்படித்தான் போலிருக்கு."