குரல் கொடுக்காமல் வந்த பெட்டி

பெட்டி மஞ்சள் கோட்டைத் தாண்டிய மறுகணம் தலைவர் அதோடு சேர்ந்து வண்டிக்குள் விழுந்தார்.

விழுந்ததுகூடப் பெரிதில்லை. வலது மணிக்கட்டு பெட்டிக்கும் வண்டியின் இரும்புத் தரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

ஏற்றுமேடையில் நின்று அதைத் தள்ளிவிட்ட சூப்பர்வைசர் ஒரே தாவலாக வண்டிக்குள் தாவிப் பெட்டியைப் புரட்டித் தள்ளினான். பார்க்கச் சின்னப் பெட்டிதான். உள்ளே தண்ணீர் இறைக்கும் மோட்டார்.

தலைவர் என்பது பட்டப்பெயர். சொந்தமாக ஒரே ஒரு வண்டி வைத்துக்கொண்டு பார்சல் டெலிவரி எடுக்கும் ஒப்பந்தக்காரர் அவர். வண்டிக்காரர்கள் எல்லோருக்குமாக நிர்வாகத்தோடு மல்லுக்கு நிற்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

சண்டை நெடுநாளாக நடந்தது. வண்டியில் சரக்கு ஏற்றுவது யார் வேலை? நாங்கள் கொண்டுபோய்க் கொடுப்பதற்குத்தான் என்றார்கள் வண்டிக்காரர்கள். வண்டி உங்களுடையது, நீங்களே ஏற்றிக்கொள்ளுங்கள் என்றது பார்சல் டெர்மினல் நிர்வாகம்.

கடைசியில் மேடை விளிம்பில் ஒரு மஞ்சள் கோடு போட்டார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் டெர்மினல் ஆள் பெட்டியைத் தூக்கி உருளைகள் மேல் வைத்துத் தள்ளுவான். அந்தப் பக்கம் வண்டிக்காரர் வாங்கி அடுக்கிக்கொள்ள வேண்டும். கோட்டைத் தாண்டி எது உடைந்தாலும், யாருக்கு அடிபட்டாலும், வண்டிக்காரர் பாடு.

தலைவர் மேசையைத் தட்டி ஒரே ஒரு நிபந்தனையை வாங்கினார்.

உருளை மேல் எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரிதான் ஓடிவரும். கையில் எடுத்த பிறகுதான் எடை தெரியும். அதனால் தள்ளுகிறவன் ‘கனம்’ என்றோ ‘லேசு’ என்றோ குரல் கொடுக்க வேண்டும். குரல் கொடுக்காமல் தள்ளி அடிபட்டால் செலவு முழுக்க டெர்மினல் தலையில். தள்ளியவனுக்கு வேலை போய்விடும்.

மேனேஜர் மூச்சிரைக்க ஓடிவந்தார். கையைப் பார்ப்பதற்கு முன்பே, சூப்பர்வைசர் குரல் கொடுத்தானா இல்லையா என்று தலைவரிடம் கேட்டார்.

சுற்றி நின்ற வண்டிக்காரர்களின் முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம். மெஷின் இரைச்சலில் அவர்கள் யாருக்கும் எதுவும் கேட்டிருக்க வழியில்லை. தலைவர் ஒரு ‘இல்லை’ சொன்னால் போதும், மேனேஜர் இத்தனை நாள் ஆடிய ஆட்டம் அடங்கிவிடும்.

சூப்பர்வைசர் குரல் கொடுக்கவில்லை.

மறந்துவிட்டேன் என்று வேண்டுமானால் வெளியே சொல்லிக்கொள்ளலாம். மறக்கவில்லை. காலையில் எல்லோர் முன்னாலும் தலைவர், நம்ம சூப்பர்வைசர் சாருக்குத் தரையில் மஞ்சள் பெயின்ட் அடிக்க மட்டும்தான் வரும் என்று சொல்ல, வண்டிக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வேறு யார் சொல்லியிருந்தாலும் இவ்வளவு உறைத்திருக்காது.

மோட்டாரைத் தூக்கி உருளை மேல் வைத்தபோதே தோள்பட்டை இழுத்தது. ‘கனம்’ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதற்கு முன்னால் போனதெல்லாம் தலையணைப் பெட்டிகள். தலைவர் அதே நினைப்பில் ஒற்றைக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். கொஞ்சம் தடுமாறட்டுமே என்று சொல்லை விழுங்கிவிட்டான்.

தடுமாறுவார், நாலு பேர் சிரிப்பார்கள், அதோடு சரியாகப் போய்விடும் என்றுதான் நினைத்தான். இப்படி ஒரு கை கண்ணெதிரே வீங்கும் என்று நினைக்கவில்லை. அந்தக் கை இல்லாமல் அவரால் ஸ்டியரிங் பிடிக்க முடியாது. ஓடாத வண்டிக்குப் பதில் இன்னொரு வண்டியை எடுத்துக்கொள்ள நிர்வாகத்துக்கு ஒரு போன் போதும்.

இப்போதாவது சொல்லித் தொலை என்று நெஞ்சுக்குள் பிடுங்கியது. சொன்னால் நாளைக்கு வேலை இல்லை. தன்னை நினைக்க அவனுக்கே அருவருப்பாக இருந்தது. அப்படியும் வாய் திறக்கவில்லை.

“குடுத்தார் சார்,” என்றார் தலைவர். “எனக்குத்தான் சரியா காதுல விழல.”

வண்டிக்காரர் ஒருவர் தலையில் அடித்துக்கொண்டு நகர்ந்தார். மேனேஜர் குனிந்து மஞ்சள் கோட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டார். போன உயிர் திரும்பி வந்தவராக, சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டு ஆபீஸுக்குள் போய்விட்டார்.

தலைவரை ஏற்றிப்போக யாரோ தன் வண்டியைத் திருப்பிக்கொண்டு வரப் போனார். மற்றவர்கள் கலைய, தலைவரும் சூப்பர்வைசரும் மட்டும் மிஞ்சினார்கள். சூப்பர்வைசர் ஓர் அட்டையைக் கிழித்து அந்தக் கைக்கு அண்டக் கொடுத்துத் துணியால் கட்டினான். நிமிர்ந்து முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அவர் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது மட்டும் தெரிந்தது.

கட்டி முடித்ததும் தலைவர் இடது கையால் வண்டிக்குள் மாட்டியிருந்த சாப்பாட்டுப் பையை எடுத்து அவனிடம் நீட்டினார். நீலக் கட்டம் போட்ட துணிப்பை. அதே துணியில் தைத்த இன்னொரு பை சூப்பர்வைசர் அறையின் ஆணியில் தொங்குகிறது. காலையில் இரண்டையும் கட்டிக் கொடுத்தது ஒரே கைதான்.

“இதையும் நீயே சாப்ட்டுரு, வீணாக்குனா உங்க அக்கா ரெண்டு பேரையும் விடமாட்டா. கையப் பத்தி அவகிட்ட நானே சொல்லிக்கறேன். நீ வாயத் தொறக்காத.”