படாக் மரத்தின் அடிக்கட்டை

சௌல்தாரி கிராமத்துக்கு அப்பால், பகலிலேயே இருண்டு கிடக்கும் காட்டுப் பாதையில் செல்லம் நடக்கிறாள். வெட்டிய மரம் மேலே சாய்ந்து புருஷன் செத்து நாற்பது நாளாகியும் அவள் அழவில்லை, ஒரு வார்த்தை பேசவுமில்லை. அவனோடு மரம் வெட்டிய நாகமுத்து அந்தப் படாக் மரத்தின் அடிக்கட்டையைக் காட்டுகிறான். அதில் பிசின் ரத்தம்போலக் கசிகிறது. சட்டென்று சில்வண்டுகள் அத்தனையும் அடங்க, உள்காட்டிலிருந்து கோடாலிச் சத்தம் கேட்கிறது. இரண்டு வெட்டு, ஒரு நிறுத்தம். மறுபடி இரண்டு வெட்டு. நாகமுத்துவின் முகம் வெளிறுகிறது. "இன்னைக்கு லீவு, காட்டுல யாருமே இல்ல. ஜல்தி வாங்கக்கா, போயிடலாம்." செல்லம் அசையவில்லை. அந்த வெட்டின் தாளம் அவளுக்குத் தெரியும். அடிக்கட்டையில் உட்கார்ந்து அதன் ஈரப்பட்டையைத் தடவுகிறாள். "போதுங்க, களைச்சுப்போயிருப்பீங்க. கோடாலியைக் கீழ வைங்க," என்கிறாள். சத்தம் நிற்கிறது. இலைகளிலிருந்து நீர் சொட்டும் அந்த அமைதியில் செல்லம் வாய்விட்டு அழத் தொடங்குகிறாள்.