இருபது கிளிக்

ஒத்தக்கை சவுக்கு மரத்தின் தாழ்ந்த கிளையில் உட்கார்ந்து போஞ்சிக்காய் தின்றுகொண்டிருந்தது.

ரைபிளின் ஸ்கோப் வழியாகப் பார்த்தால் அதன் தாடை அசைவதுகூடத் தெரிந்தது.

என் தோளை உரசிக்கொண்டு இராசையா அண்ணன் நின்றார். அவருக்குப் பின்னால் லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள் பத்துப் பதினைந்து பேர். எல்லோரும் மடுல்சீமையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கீழ்ப் பிரிவில் போஞ்சியும் லீக்ஸும் போட்டுக் குரங்குக் கூட்டத்துக்குப் பறிகொடுத்தவர்கள். ஒரு கை இல்லாத இந்தக் கிழட்டுப் பெண் குரங்குதான் கூட்டத்தை முன்னால் நடத்திக்கொண்டு வருவது.

“இன்னைக்கு முடிச்சிரு தனேசு. இல்லாட்டி நாளைக்கு மருந்து வைக்கிறதத் தவிர வேற வழியில்ல,” என்றார் அண்ணன்.

மருந்து வைத்தால் கூட்டமே சாகும், குட்டிகளும் சேர்த்து.

பிரிவில் துப்பாக்கி இருப்பது என்னிடம் மட்டும்தான். காட்டுப்பன்றி விரட்டுவதற்கென்று என்னைப் போலத் தோட்டத்து லொறி டிரைவர் ஒருவனுக்கு லைசன் கிடைக்க நாலு வருஷம் அலைய வேண்டியிருந்தது. வெளிநாட்டில் செய்த செமி ஓட்டோ ரைபிள். ஒரு தடவை சுட்டால் அடுத்த குண்டைத் தானே ஏற்றிக்கொள்ளும். அந்த வகையில் இருப்பதிலேயே மலிவானது, குணமும் அப்படித்தான். வந்த புதிதில் பத்துக்கு மூன்று தடவை சிக்கிக்கொள்ளும். குறியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், தகர டின்னுக்கு வைத்தால் தண்ணீர்த் தொட்டியில் ஓட்டை விழும்.

நான் விடவில்லை. தையல் மெஷின் எண்ணெய் விட்டுத் துடைத்துத் துடைத்து அதன் சண்டித்தனத்தைப் போக்கினேன். தோளில் இடிக்காமலிருக்கக் கட்டைக்குச் சைக்கிள் டியூப் சுற்றினேன். ஸ்கோப்பின் பக்கத்தில் ஒரு திருகு உண்டு, திருப்பினால் ‘கிளிக் கிளிக்’ என்று சத்தம் வரும். ஒவ்வொரு கிளிக்காகத் திருப்பித் திருப்பிச் சுட்டுப் பார்த்து, போன மாதம் ஒருநாள் மூன்று குண்டும் டின்னில் ஒரே ஓட்டைக்குள் போயின. அன்று எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

“அதுக்கு ஒரு பொட்டும் வச்சு விடுங்களேன்,” என்று என் மனைவி குணமணி கேலி செய்தாள்.

அவள் கடைசியாக என்னைக் கேலி செய்தது அதுதான். ஒத்தக்கையைச் சுட நான் ஒப்புக்கொண்டேன் என்று கேள்விப்பட்டதிலிருந்து பத்து நாளாக என்னோடு பேச்சில்லை. சோறு வரும், சொல் வராது.

அவள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அந்தக் குரங்கின் கையை எடுத்ததே நான்தான். பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் அது மாட்டி, கையை அறுத்துக்கொண்டு ஓடியது. மூன்றாம் நாள் எங்கள் பின்வாசலில் வந்து உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து அவித்த பலாக்கொட்டை போட்டு அதைத் தேற்றியவள் குணமணி. கூட்டத்தைக் கூட்டி வந்ததே உன் பலாக்கொட்டைதான் என்று அக்கம்பக்கத்தில் சாடை பேசினார்கள். அவள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

கையை எடுத்தவனுக்கு உயிரையும் எடுக்க மனம் வருமா? எனக்கு வரவில்லை.

ஆனால் நான் குழலைக் கொஞ்சம் விலக்கிப் பிடித்தாலும் இராசையா அண்ணன் கண்டுபிடித்துவிடுவார். கொழும்பில் பத்து வருஷம் செக்கியூரிட்டியாகத் துப்பாக்கி பிடித்தவர்.

அதனால் இன்று காலை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்தத் திருகை இருபது கிளிக் திருப்பினேன். இந்தத் தூரத்துக்கு ஒரு சாண் விலகும். நான் நேராகக் குறி வைப்பேன், குண்டு பக்கத்தில் காற்றோடு போகும், சத்தத்துக்குக் கூட்டம் காட்டுக்குள் ஓடிவிடும். மருந்தும் வேண்டாம், பாவமும் வேண்டாம். மாதக்கணக்கில் பட்ட பாட்டை ஒரு நிமிஷத்தில் நானே கெடுத்தேன். கொஞ்சம்கூட வருத்தமில்லை.

குணமணியிடம் சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. வீம்பு விடவில்லை. பத்து நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டவள், கூட்டம் ஓடிய பிறகு தானே புரிந்துகொள்ளட்டும் என்று துண்டை எடுத்துக்கொண்டு தண்ணீர்ப் பீலிக்குக் குளிக்கப் போய்விட்டேன்.

இப்போது ஸ்கோப்பின் குறுக்குக் கோடுகளை ஒத்தக்கையின் நெஞ்சுக்கு நேராக வைத்தேன். அண்ணன் குனிந்து குழலைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

பயமில்லாமல் விசையை அழுத்தினேன்.

ஒத்தக்கை கிளையிலிருந்து விழுந்தது.

கூட்டம் கத்திக்கொண்டு காட்டுக்குள் ஓடியது. ரைபிள் தன் பாட்டுக்கு அடுத்த குண்டை ஏற்றிக்கொண்டது. யாரோ கை தட்டினார்கள். அண்ணன் என் முதுகில் தட்டி ஏதோ சொன்னார். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. இருபது கிளிக்கையும் மனதுக்குள் மறுபடி மறுபடி எண்ணிக்கொண்டிருந்தேன்.

குணமணி பாத்திகளை மிதித்துக்கொண்டு ஓடி வந்தாள். மரத்தடியைப் பார்த்தாள். பிறகு ரைபிளைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபத்தைக் காணவில்லை, குழப்பம்தான் இருந்தது. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, பத்து நாளுக்குப் பிறகு பேசினாள்.

“காலையில பலகச் சந்து வழியா பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். குறி சரியா விழணும்னு நீங்க ஜன்னல் பக்கமா இருபது திருப்புனீங்க. நீங்க பீலிக்குப் போனப்ப, ஒங்க குறி தப்பட்டும்னு நான் அதுக்கு எதிர்ல, அடுப்புப் பக்கமா இருபது திருப்பி வச்சேன். பெறகு எப்புடிங்க பட்டுச்சு?”