சிக்னல் விழுந்துடுச்சு!

"பயம் விட்டுப்போச்சு இவங்களுக்கு! சுத்தமா விட்டுப்போச்சு!"

கண்ணாடி முன்னால் நின்று பொருமினாள் சூப்பர்வைசர் அக்கா. கணவர் பேப்பரை இறக்கினார்.

"யாருக்கு?"

"என்கிட்ட தைக்கிற ஆளுங்களுக்குத்தான். நேத்து ஒருத்தி என் முகத்தை நேருக்கு நேர் பார்த்து, 'அக்கா, இன்னிக்கு அம்சமா இருக்கீங்க'ங்கறா. காஜா எடுக்கறவ பாட்டுப் பாடறா. பாட்டு!"

"நல்லதுதானே?"

"என்னத்த நல்லது? எல்லாம் இந்த ஆயின்ட்மென்டால வந்த வினை!"

விஷயம் இதுதான். அக்காவுக்கு ரோசேஷியா. கன்னமும் மூக்கும் சொல்லாமல் கொள்ளாமல் செக்கச்செவேலென்று சிவந்து எரியும். "இது அடியோட போகாதும்மா, அடக்கி வெச்சுக்கலாம். வெயில், சூடு, காரம், கோபம், கூச்சம் எதுவும் ஆகாது" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஆரம்பத்தில் கூனிக் குறுகிப்போனவள்தான். ஆனால் திரைச்சீலை தைக்கும் அந்தக் கூடத்தில் ஓர் அதிசயம் நடந்தது. அவள் முகம் சிவந்தால் போதும், "சிக்னல் விழுந்துடுச்சு" என்று ஒரு கிசுகிசு ஓடும். அத்தனை தலையும் மிஷின் மேல் கவிழ்ந்துவிடும்.

அடடே, கோபம்னு நினைச்சு நடுங்கறாங்களா!

அன்றிலிருந்து அக்காவின் நடையே மாறிப்போனது. இஸ்திரிக்காரர் தன் மேஜையை அவள் பக்கத்திலிருந்து கோடிக்கு இழுத்துக்கொண்டு போனார். பயம்! காற்றாடியை அவள் பக்கம் திருப்பி வைத்தார்கள். காக்கா பிடிக்கிறார்கள்! அவள் உட்காரும் இடத்து ஜன்னலுக்கு மிச்சத் துணியில் ஒரு திரை மாட்டினார்கள். வெளியே நழுவும்போது அவள் கண்ணில் படக் கூடாதாம், திருட்டுப் பசங்க! போகட்டும் என்று விட்டுவிட்டாள். யாரையும் ஒரு வார்த்தை அதட்டாமல் ராஜ்யம் நடந்துகொண்டிருந்தது.

இப்போது, மாசக்கணக்கில் தடவிவந்த அந்தப் பாழாய்ப்போன ஆயின்ட்மென்ட் வேலை செய்துவிட்டது. முகம் தெளிந்தது, கூடம் சந்தைக்கடையானது. காற்றாடிகூட அவர்கள் பக்கம் திரும்பிக்கொண்டது.

போதாக்குறைக்கு முதலாளி வேறு எட்டிப் பார்த்தார். "என்னம்மா, ஆளுங்க ஒரே குஷியா இருக்காங்க? ஓட்டல் ஆர்டர் வெள்ளிக்கிழமை போயாகணும். உன்னால முடியலைன்னா சொல்லிடு, வேற ஆளைப் போட்டுக்கறேன்."

பதினைந்து வருஷ வேலை. விட முடியுமா?

அதனால்தான் ஆயின்ட்மென்டை அலமாரிக்குள் கடாசினாள். ஒரு பச்சை மிளகாயைக் கடித்தாள். கொதிக்கக் கொதிக்கக் காபி குடித்தாள். வாசலுக்குப் போய் வெயிலுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"ஊர்ல அவனவன் மூஞ்சி தெளியணும்னு தவம் கிடக்கறான். நீ தெளிஞ்ச மூஞ்சியைக் கெடுத்துக்கறே. மூளை கீளை இருக்கா உனக்கு?" என்றார் கணவர்.

"நிர்வாகத்தைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? ஸ்ஸ்ஸ்... தண்ணி குடுங்க! ஐயோ, வேணாம் வேணாம், குடுக்காதீங்க!"

கூடத்துக்குள் அவள் நுழைந்ததும் பாட்டு பாதியில் நின்றது.

"சிக்னல் விழுந்துடுச்சு!"

தலைகள் கவிழ்ந்தன. ஒருத்தி ஓடிப்போய்க் காற்றாடியைத் திருப்பினாள். அக்காவுக்கு உள்ளே ஜில்லென்று இருந்தது. வெளியேதான் எரிந்தது.

மறுநாளும் மிளகாய். அதற்கு மறுநாளும். வெள்ளிக்கிழமை முகமெல்லாம் தடித்து, கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஆனால் ஓட்டல் ஆர்டர் முடிந்து வண்டியேறிவிட்டது. பார்த்தீங்களா என் திறமையை என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அப்போது இஸ்திரிக்காரர் குனிந்த தலை நிமிராமல் வந்து நின்றார். கையில் ஈரத்துணி.

"என்னண்ணே?" என்று விறைப்பாகக் கேட்டாள்.

"தப்பா நினைக்காதம்மா. அந்த ஆயின்ட்மென்ட் தீர்ந்துபோச்சா? மெடிக்கல்ல கேட்டோம், டாக்டர் சீட்டு இல்லாம தர மாட்டேன்னுட்டாங்க. சீட்டைக் குடுத்தா நாங்களே வாங்கிட்டு வந்துடறோம்."

"எந்த... ஆயின்ட்மென்ட்?"

காஜாக்காரி எட்டிப் பார்த்தாள். "நீங்க முன்னாடி ஒரு தடவை இங்க பாத்ரூம்ல மறந்து வெச்சீங்களே, அதேதான்க்கா. அப்பவே மெடிக்கல்ல விசாரிச்சோம். சூடே ஆகாதாமே! அதான் அண்ணன் இஸ்திரி மேஜையைத் தள்ளிப் போட்டாரு. உங்க ஜன்னல்ல வெயில் அடிக்குதுன்னு நான்தான் திரை தைச்சேன்."

அக்கா ஜன்னல் திரையைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்போ... சிக்னல், சிக்னல்னு தலையைக் குனிஞ்சீங்களே, அது பயத்துல இல்லையா?"

"பயமா? உங்ககிட்டயா?" கூடம் கொல்லென்று சிரித்தது.

"பின்னே?"

"யாராவது உத்துப் பார்த்தா கூச்சத்துல இன்னும் சிவக்கும்னு மெடிக்கல்ல சொன்னாங்க. அதான், எவ்வளவு ஆசையா இருந்தாலும் அக்கா முகத்தைப் பார்க்கக் கூடாதுன்னு எங்களுக்குள்ள பேசி வெச்சிருந்தோம். போன வாரம்தான் தெளிஞ்சுது, கண்ணாரப் பார்த்தோம். அதுக்குள்ள மறுபடியும் இப்படி ஆயிடுச்சே!"

மிளகாய் இல்லை, காபி இல்லை, வெயிலும் இல்லை. அக்காவின் முகம் காது மடல்வரை சிவந்தது.

"சிக்னல்!" என்றார் இஸ்திரிக்காரர்.

சிரித்துக்கொண்டிருந்த அத்தனை தலையும் சட்டென்று கவிழ்ந்தது.