பிரெஞ்சுக்காரன் கம்பி நீட்டிய கதை

எப்படியாவது அமிர்தசாமியைச் சிரிக்க வைத்துவிட வேண்டும். லூர்துநாதனுக்கு அன்றைக்கு வேறு கவலையே இல்லை.

வேண்டாமென்று ஆகிவிட்டால் இரண்டு வீட்டுக்கும் தலைகுனிவு வரக்கூடாதே என்று, பெண் பார்ப்பதைச் செஞ்சிக் கோட்டை பார்ப்பதாக வைத்திருந்தார்கள்.

பாண்டிச்சேரி பஸ்ஸிலிருந்து இறங்கிய ஜோசப்பினை இவனுக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. அவளுக்கும் பிடித்த மாதிரிதான் தெரிந்தது. ஆனால் சரியென்று சொல்ல வேண்டியவர் அவளுடைய அப்பா அமிர்தசாமி. பென்ஷன்காரர் என்று மட்டும் தரகர் சொல்லியிருந்தார். காலையிலிருந்து மனிதர் வாயைத் திறக்கவில்லை.

அம்மாக்கள் இருவரும் கோட்டைக் களஞ்சியத்து நிழலில் சோற்று மூட்டையைப் பிரித்தார்கள். லூர்துநாதன் எதிரே ராஜகிரி மலையைக் காட்டிக் கதையை எடுத்துவிட்டான். செஞ்சி டீக்கடையில் பையன்கள் பேசுகிற பேச்சிலேயே.

ராத்திரியோடு ராத்திரியாகப் பிரெஞ்சுக்காரன் உள்ளே பூந்து டேரா போட்டானாம். பத்து வருஷம் சோக்காக ஜமாய்த்தானாம். அப்புறம் இங்கிலீஷ்காரன் வந்து கீழே வழியை மறித்து உட்கார்ந்துகொள்ள, மேலே இருந்தவனுக்குச் சோறு இல்லையாம். செஞ்சிக் கொசு கடித்துப் பாதிப்பேர் காய்ச்சலில் விழ, ஒரே பேஜாராம்.

ஜோசப்பின் கண்ணை உருட்டினாள். ஆகா, ரசிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான் மடையன். குரல் இன்னும் ஏறியது.

“அவ்ளோதான் சார். துப்பாக்கிய கீழ போட்டுட்டு கம்பி நீட்டிட்டான் பிரெஞ்சுக்காரன்.”

யாரும் சிரிக்கவில்லை.

தண்ணீர் கொடுக்கிற சாக்கில் குனிந்த ஜோசப்பின், அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், பென்ஷன் பிரான்ஸிலிருந்துதான் வருகிறது என்று முணுமுணுத்தாள்.

லூர்துநாதன் வாங்கிய தண்ணீரைக் குடிக்காமலே கீழே வைத்தான். போச்சு. கைக்கு எட்டிய பெண்ணை வாயாலேயே கெடுத்துக்கொண்டாயிற்று.

அமிர்தசாமி மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சண்டையில சைகோனுக்கு அந்தாண்ட ஒரு மலை. இதே கொசு, இதே காய்ச்சல். நாங்களும் துப்பாக்கிய கீழதான் போட்டோம். ஆனா கம்பி நீட்ட கால்ல தெம்பு இல்ல, மாப்ள.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

அந்த மலையைப் பற்றி அவர் வீட்டில் யாரிடமும் சொன்னதே இல்லை என்பது, சோற்றுக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்ட ஜோசப்பினின் அம்மாவைப் பார்த்த பிறகுதான் லூர்துநாதனுக்குத் தெரிந்தது.