பாவாவின் பெட்டி

“என்ன பாவா, ஒங்க பொட்டி வாயத் தொறந்துச்சா?”

எதிர்சாரியில் இருந்த தன் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டை அப்படியே போட்டுவிட்டு வந்த நாகேந்திரன், அக்காள் புருஷன் ஆதிகேசவனை அக்கறையாகத்தான் விசாரித்தான். அந்த அக்கறையை முகத்தில் ஒட்டவைக்கத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது.

“இல்ல மச்சான். சுவிட்ச் போட்டா 1701-ன்னு ஒரு நம்பர் காட்டிட்டு நின்னுக்குது. ஹார்ட் டிஸ்க்கைக் கண்டுக்கவே மாட்டேங்குது.”

நூல் வியாபாரி ஆதிகேசவன் கம்ப்யூட்டர் கிளாஸ் போர்டு மாட்டியதிலிருந்து நாகேந்திரனுக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று அவனிடம் டைப் படிக்கிற காஞ்சனா, “சார், எங்க நைனா என்னை அங்க சேக்கப் போறாராம்” என்று சொல்லிவிட்டு மெஷினுக்கு உறை போட்டுவிட்டுப் போனாள். இப்படியே போனால் இன்ஸ்டிட்யூட்டில் அவனும் ஈயும்தான் மிஞ்சுவார்கள்.

மேசைமேல் கன்ட்ரோலர் கார்டு கழற்றிக் கிடந்தது. கம்ப்யூட்டருக்கும் ஹார்ட் டிஸ்குக்கும் நடுவே தரகு பார்க்கிற அட்டை. அதன் ஊசிக்கால்களில் மிளகு பருமனில் மூன்று கறுப்புத் தொப்பிகள்.

“இதுங்க பேரு ஜம்பராம். எது எங்க இருக்கணும்னு அனுப்பினவனுக்கே தெரியல. கடைசியா ஒருவாட்டி பூசை போட்டு மாட்டிப் பாக்கறேன். வேலை செய்யலன்னா நாளைக்கே மெட்ராஸுக்குத் திருப்பி அனுப்பிட்டு, பழையபடி நூல் யாவாரந்தான்.”

“அப்படிச் சொல்லாதீங்க பாவா” என்றான் நாகேந்திரன். வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

“செத்த பாத்துக்கினு இரு. கற்பூரம் வாங்கியாறேன்.”

கற்பூரம் வந்ததும் நாகேந்திரன் எழுந்துவிட்டான். “நான் மலைக்கோயிலுக்குப் போயி முருகன்கிட்ட வேண்டிக்கினு வரேன் பாவா.”

படியேறி, கண்ணை மூடி, மனசார வேண்டிக்கொண்டு, சின்னக் காகிதப் பொட்டலம் ஒன்றை உண்டியலில் போட்டான். உள்ளே விழுந்தது முருகன் சொத்து. யார் கேட்டாலும் திரும்பி வராது. நிம்மதியாக இறங்கினான்.

கீழே வந்தால், பாவா கடை வாசலில் கூட்டம். முன்னால் காஞ்சனாவும் அவள் நைனாவும். அக்காள் ரஞ்சிதம் ஓடிவந்து அவன் வாயில் சர்க்கரையைத் திணித்தாள்.

“பொட்டி பேசிடுச்சுடா!”

ஆதிகேசவன் அவனைக் கட்டிக்கொண்டார். “ஒன் வேண்டுதல் பலிச்சிடுச்சு மச்சான்! ஆனா ஒண்ணுதான் புரியல. மாட்டின பெறகு எண்ணிப் பாத்தா கார்டுல ரெண்டு தொப்பிதான் கீது. நடுவுல இருந்ததைக் காணோம். அது இருந்த வரைக்குந்தான் தகராறே! எந்த மகராசன் கழட்டினானோ?”

வாயில் சர்க்கரையோடு நாகேந்திரன் மலையை அண்ணாந்து பார்த்தான். ‘பாவா பெட்டி பேசவே கூடாது’ என்று அவன் காகிதத்தில் மடித்துக் கொடுத்த மிளகு பருமன் காணிக்கையை வாங்கிக்கொண்டு, முருகன் எதிர்க்கடைக்கு வேலை பார்த்திருந்தான்.